வளையத்தைப் பிடித்த கை

பலேர்மோவில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் எலி ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய குதிரைத் தொழுவத்தைச் சைவச் சனம் விளக்கேற்றிக் கும்பிடும் அறையாக மாற்றியது நான். அங்கே பிள்ளையார் இருக்கும் மரமண்டபம் என் கைவேலை. ஓர் ஆணி வெளியே தெரியாது. வேதக்காரச் சனம் மாதா சுருவத்தைத் தோளில் தூக்கிப் போகும் கூடு ஒரு வருஷம் நடுத்தெருவில் முறிந்து பெரிய வெட்கமாகிப் போனது. அடுத்த வருஷக் கூட்டை நான்தான் செய்து கொடுத்தேன். அது இன்னும் முறியவில்லை. துறைமுகத்துப் பழக்கிடங்கில் தோடம்பழப் பெட்டி, ஆரஞ்சுப் பெட்டி, தூக்கப் போன என்னை, பெட்டி அடுக்கும் தட்டுகளைக் கட்ட வைத்தார்கள். ஓர் இத்தாலியத் தச்சன் வந்து தட்டிப் பார்த்துவிட்டு எங்கே படித்தாய் என்று கேட்டான். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதை அவனுக்குச் சொல்வானேன்? சிரித்துவிட்டு அடுத்த பலகையை எடுத்தேன்.

இவற்றைவிடக் கஷ்டப்பட்டுச் செய்த வேலை ஒன்று உண்டு. வியா மக்வேதா தெருவுக்குப் பின்புறச் சந்தில் நானும் மனைவியும் இருந்த ஒற்றை அறை, பழைய காலத்து வீட்டின் துண்டு. தரை கொஞ்சம், உயரம் அதிகம். அந்த உயரத்தை வீணாக்குவானேன் என்று பாதிச் சுவரில் மரச்சட்டம் இறக்கிப் பலகைத் தட்டு ஒன்று போட்டேன். சுவர் தாங்காது, இடிந்து விழுந்தால் நீதான் பொறுப்பு என்று வீட்டுக்காரன் கத்தினான். விழவில்லை. ஏறுவதற்கு ஏணி, மேலே மெத்தை, தலைமாட்டில் சின்ன விளக்கு. எல்லாம் என் மகன் வந்து படுப்பதற்கு.

அவன் வரவில்லை. இனிச் சொல்லப்போவது அதைப் பற்றித்தான். ஆனால் அந்தக் கதைக்குள்ளும் நான் கட்டிய ஒரு பொருள் இருக்கிறது. நான் கட்டியவற்றிலேயே அதுதான் உயரமாகப் போனது.

எண்பதுகளின் கடைசியில் நான் முதலில் வந்தேன். பிறகு மனைவியை எடுப்பித்தேன். ஒரே பிள்ளை, சோதனை எழுதி முடிக்கட்டும், பிறகு கூப்பிடுவோம் என்று அவளின் தமக்கை வீட்டில் விட்டிருந்தோம். அதற்குள், ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணம் முழுக்க ஒரே இரவில் எழுந்து மழைக்குள் நடந்த அந்த வருஷம் வந்துவிட்டது. மகனும் பெரியம்மாவோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு சனத்தோடு சனமாக நடந்திருக்கிறான். பாலத்துக்குக் கிட்டப் போனதும் அவளுக்கு இழுப்பு வந்திருக்கிறது. மருந்து வீட்டில். "நீங்கள் நடவுங்கோ பெரியம்மா, நான் எடுத்துக்கொண்டு வந்து பிடிக்கிறன்" என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பியிருக்கிறான். அவ்வளவுதான். பல மாதம் கழித்து வவுனியாவிலிருந்து தொலைபேசியில் அவள் அழுதழுது சொன்னது இவ்வளவுதான். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் வன்னிக்குள் எங்கோ இருக்கிறான், வழி அடைபட்டுக் கிடக்கிறது, திறந்ததும் வருவான். என்னுடைய பிள்ளை, ஒரு வழி இல்லாவிட்டால் இன்னொரு வழி கண்டுபிடிப்பான். சந்தித்தவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னேன். பின்னேரம் வேலையால் வந்ததும் ஏணியில் ஏறி மெத்தையைத் தட்டிப் போட்டு, தலைமாட்டு விளக்கைப் போட்டுப் பார்த்து அணைப்பேன். மனைவி அந்த ஏணியில் ஏறுவதில்லை. அவள் ஒருமுறைதான் வாய் திறந்தாள். சோறு போட்டு வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, நாள் தெரியாத பிள்ளைக்கு எந்த நாளிலை விளக்கு வைக்கிறது?"

நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து துறைமுகம் வரை நடந்தேன். அவள் கேட்டதில் பிழை இல்லை. எங்கள் முறையில் ஒருவர் இறந்த திதி தெரிந்தால்தான் திவசம். திதி இல்லாதவனுக்கு எள்ளும் தண்ணீரும் எந்த நாளில் இறைப்பது? அவளுக்கு அதுதான் வேதனை. எனக்கோ அப்படி ஒரு நாள் இருக்கிறது என்று நினைப்பதே ஆகாது.

பழக்கிடங்கில் என்னோடு ஒரு சிங்களத் தம்பி வேலை செய்தான். நீர்கொழும்புப் பக்கத்து ஆள், உடைந்த தமிழ் பேசுவான். தமிழ் முடியும் இடத்தில் இத்தாலியச் சொல்லைப் போட்டு நிரப்புவான். அவன் பெண்சாதியும் என் மனைவியும் ஒரே பணக்காரச் சின்யோரா அம்மாவின் பெரிய வீட்டில் துடைத்துக் கழுவும் வேலை. ஊரில் சண்டை என்றாலும் இங்கே வாளியும் துடைப்பமும் ஒன்றுதான். ஒரு நாள் பெட்டிகளுக்கு நடுவில் அவன் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, நம்ம வெசாக் கூடு போன வருஷம் எல்லாம் எரிஞ்சு போச்சு. நீங்க பாத்துச் சிரிச்சீங்களாம்."

சிரித்தது உண்மை. வைகாசிப் பறுவத்தில், முழுநிலவு நாளில், அவர்கள் புத்தருக்காகக் கடற்கரை வெளியில் கூடி, அடியில் தீ வைத்த தாள்கூடுகளை வானத்துக்கு விடுவார்கள். போன வருஷம் தெருவோரம் நின்று பார்த்தேன். கனத்த தாள், இரும்புக் கம்பியில் வளையம். எழும்ப முதலே பாதி எரிந்து புல்லில் விழுந்தது. எங்கள் கரையோரச் சனத்துக்கு இது கைவந்த வேலை. அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒழுங்கைக்கு ஒழுங்கை போட்டி போட்டு ஆள் உயரத்துக்கு மேல் தாளில் புகைக்குண்டு கட்டி விடுவோம். முதலில் வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டையும் புகையையும் குண்டு வயிறு நிறையக் குடிக்க வேண்டும். குடித்த பிறகுதான் வாயிலே கட்டிய மண்ணெண்ணெய்ப் பந்தத்துக்குத் தீ. அதற்குப் பிறகும் உடனே விடக் கூடாது. வளையத்தைப் பிடித்திருக்கிறவனின் கைக்கு அது தன்னாலே மேலே இழுப்பது தெரிய வேண்டும். அவன் 'விடு' என்று சொன்னால்தான் மற்றவர்கள் கை எடுப்பார்கள். முந்தி விட்டால் விழும். பிந்தினால் எரியும். எங்கள் ஒழுங்கையில் அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வரும்.

நான் கட்டித் தருகிறேன் என்றேன். கேட்டுவிட்டானே, மானப் பிரச்சினை.

செய்தி எங்கள் சனத்துக்குள் பரவ ஒரு நாள் போதுமாக இருந்தது. ஊர்க்காரர் ஒருவர், படித்தவர், எல்லாருக்கும் கடிதமும் வாழ்த்துப்பாவும் எழுதிக் கொடுப்பவர், சாமி அறை வாசலில் பத்துப் பேர் கேட்க என்னை நிறுத்தினார்.

"அண்ணை, மேலையிருந்து அவங்கள் குண்டு போடுறது காணாதெண்டு நீங்கள் கீழையிருந்து கட்டிக் குடுக்கிறியளோ?"

சிரிப்புச் சத்தம் எழுந்தது. நான் கட்டினால் பறக்கும், நீ ஒன்று கட்டிப் பாரன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழி முழுக்கக் காது எரிந்தது. என் மகனைத் தேடிப் போக முடியாமல் வழியை அடைத்து வைத்திருக்கிற அரசாங்கத்தின் சனம் என்றுதானே சொல்லுகிறார், அதில் பொய் என்ன என்றும் மனம் கேட்டது. ஆனால் வாய் கொடுத்தாகிவிட்டது.

வேலை தொடங்கினோம். தோடம்பழத்தைச் சுற்றும் மெல்லிய தாள், அச்சடிக்காத வெள்ளைத் தாள், கிடங்கில் வெட்டாத பெரிய விரிப்பாகவே கிடந்தது. கேட்டு வாங்கினேன். ஊருக்குத் தெற்கே ஓடும் ஆற்றங்கரையில் நாணல் வெட்டி, பிளந்து, நெருப்பில் வாட்டி வளையம் வளைத்தேன். கோதுமை மாவில் பசை காய்ச்சியது மனைவி. அவள் கேட்காமலே வந்து அடுப்படியில் நின்றதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். ஒட்டுவதிலும் அவள் கை சுத்தம். ஒரு சுருக்கம் இல்லை. என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று பாடுபடுகிறாள் என்று நினைத்தேன். நினைத்துப் பெருமைப்பட்டேன்.

ஒரு பின்னேரம் வேலை முடிந்து வந்து ஏணியில் ஏறினேன். மெத்தை சுருட்டிக் கயிற்றால் கட்டி மூலையில் நிறுத்தப்பட்டிருந்தது. பலகை முழுக்க ஒட்டிய தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன. மேலே ஏறவே ஏறாத பெண் ஏறியிருக்கிறாள். கீழே பார்த்து, இது என்ன என்று கேட்டேன்.

"தாள் காய வேறை இடமில்லை," என்றாள்.

உண்மைதான், இடம் இல்லை. நான் இறங்கிவிட்டேன். அன்றைக்கு விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. தாளுக்குப் பக்கத்தில் சூடு ஆகாது.

வெசாக் அன்றைக்குத் துறைமுகத்துக்குத் தெற்கே இருந்த கடற்கரை வெளியில் கால் வைக்க இடமில்லை. சிங்களச் சனம் கிழவர் முதல் குழந்தை வரை வெள்ளை உடுப்பு. ஒரு பக்கம் வந்தவர் போனவர் எல்லாருக்கும் கடலையும் மரவள்ளிக்கிழங்கும் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தாலியர் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து, கையில் ஐஸ்கிரீமோடு இது என்ன கார்னிவாலோ என்று கேட்டார்கள். தீ பரவினால் என்ன செய்வது என்று இரண்டு போலீஸ்காரர் தண்ணீர் வாளிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எங்கள் ஆட்கள் தெருவுக்கு அந்தப் பக்கம், மதிலோடு மதிலாக. உள்ளே வரவும் இல்லை, வீட்டுக்குப் போகவும் இல்லை. ஊர்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். இதற்குள் மனைவியும் வந்திருந்தாள், சிங்களத் தம்பியின் பெண்சாதியோடு. வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். கூட்டத்தோடு கூட்டமாக நிற்க அதுதான் பொருத்தம் என்று நினைத்தேன்.

சின்னக் கூடுகளை முதலில் விட்டார்கள். கடற்காற்று அவற்றைத் தரைப்பக்கம் தள்ளி மின்கம்பியில் கொண்டுபோய் மாட்டியது. எங்களுடையதையும் விடச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். நான் அசையவில்லை. பொழுது பட்டதும் கடற்காற்று விழும். பிறகு தரையிலிருந்து சோளகம், தென்காற்று, மெல்ல எழும்பும். அதில் விட்டால் நேரே கடலுக்கு மேலே போகும். இதைச் சொல்லிக் கொடுக்க எனக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. நான் சொல்லும் வரை தீ இல்லை என்றேன். சிங்களச் சங்கத்துப் பெரிய தலைவரெல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு வாய் கூசுகிறது.

காற்று விழுந்தது. நாப்போலிக் கப்பல் புறப்படுவதற்காகக் கூவியது. வைக்கோலைக் கொளுத்தினேன். குண்டு புகையைக் குடித்துக் குடித்து நிமிர்ந்தது. சிங்களத் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் வளையத்தை மூன்று பக்கம் பிடிக்க, நான் நாலாவது பக்கம். தோடம்பழ வாசம் சூட்டில் கிளம்பி மேலே வந்தது. பந்தத்துக்கு என் கையால் தீ வைத்தேன். தாள் முழுக்க மஞ்சளாக வெளிச்சம் ஏறியதும் அவ்வளவு சனமும் ஒரே மூச்சாகச் சத்தமிட்டது.

அதே நேரம், வடக்கே எங்கோ இருந்து ரயிலில் வந்திருந்த பிக்கு ஒலிபெருக்கியில் பெயர்கள் சொல்லத் தொடங்கினார். தங்கள் புண்ணியத்தை இறந்தவர்களுக்குக் கொடுக்கிறார்களாம். இறந்தவரின் பெயரைச் சொன்னால் போதுமாம், அது போய்ச் சேருமாம். ஒவ்வொரு பெயருக்கும் சனம் 'சாது' என்றது, நல்லது என்று பொருளாம். சிங்களப் பெயர்களாக வந்துகொண்டிருந்தன. நான் காது கொடுக்கவில்லை. என் கவனம் வளையத்தில்.

பிறகு என் பெயர் வந்தது.

எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால், பிள்ளை பெயர் பின்னால். முதலில் என் பெயர், அடுத்து என் மகனின் பெயர். பிக்குவின் வாயில் அது கொஞ்சம் வளைந்துதான் வந்தது, ஆனாலும் அவன்தான். என் பெயரை ஒலிபெருக்கியில் கேட்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்குத்தான் முதல்முறையாக, அது வேறு யாருடையதோவாக இருக்கக் கூடாதா என்று இருந்தது. இரண்டு பெயருக்கும் சேர்த்து அவ்வளவு சனமும் 'சாது' என்றது.

திரும்பிப் பார்த்தேன். மனைவி கை கூப்பி நின்றாள். பெயரை அவள்தான் கொடுத்திருக்கிறாள். நாள் தெரியத் தேவையில்லை, உடல் தேவையில்லை, பெயர் போதும் என்று சிங்களத் தம்பியின் பெண்சாதி சின்யோரா வீட்டில் தரை துடைக்கும்போது சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் பசை காய்ச்சியது. அதற்குத்தான் மெத்தையைச் சுருட்டியது. வெள்ளைச் சேலையும் அதற்குத்தான். எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது.

குண்டு இழுக்கத் தொடங்கிவிட்டது. என் விரல்களுக்குத் தெரிந்தது. சரியான நேரம் அதுதான். மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. வாழ்க்கையில் எத்தனை குண்டு விட்டவன் நான். ஒரு சொல், வரவில்லை. இதை விட்டால் அவன் இல்லை என்று நானே சொன்னதாகிவிடும். பிடித்துக்கொண்டிருக்கும் வரை அவன் சைக்கிளில்தான் வந்துகொண்டிருக்கிறான்.

"அண்ணே, சொல்லுங்க அண்ணே," என்றான் சிங்களத் தம்பி. பந்தத்தின் தீ தாளின் ஓரத்தை நக்கப் பார்த்தது. யாரோ தண்ணீர் வாளியைத் தூக்கினார்கள். என் முழங்கை மயிர் கருகும் மணம் எனக்கே வந்தது.

மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். தொடவில்லை. எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"விடுங்கோ. பிள்ளை இழுக்கிறான்."

நான் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. கையைத்தான் எடுத்தேன். அதைப் பார்த்து மற்ற மூன்று பேரும் எடுத்தார்கள். அது ஆடவில்லை, சரியவில்லை. சோளகம் ஏந்திக்கொள்ள நேரே எழும்பி, துறைமுகத்து விளக்குகளுக்கு மேலே போய், நாப்போலிக் கப்பலைத் தாண்டிக் கடலுக்கு மேலே சிறுத்துக்கொண்டே போனது. அப்படி ஒரு நேர்த்தியான ஏற்றத்தை எங்கள் ஊர்த் திருவிழாவில்கூட நான் பார்த்ததில்லை. கைதட்டல் கடற்கரை முழுக்க. நான் வெறுங்கையை நீட்டியபடியே நின்றிருக்கிறேன். பிறகு அந்தத் தம்பிதான் பிடித்து மடக்கிவிட்டானாம்.

தெருவைக் கடந்து போகும்போது ஊர்க்காரர் வழி விட்டார். ஒலிபெருக்கி அவருக்கும் கேட்டிருக்கும். "நல்லாய்ப் போகுது அண்ணை" என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் நக்கல் இல்லை. அது எனக்கு நக்கலைவிடத் தாங்க முடியாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். செத்த வீட்டால் வந்தவர்கள் செய்வது. ஈரத் தலையோடு எனக்கும் வாளியில் தண்ணீர் நிறைத்து வைத்தாள். நான் குளிக்கவில்லை. மண்ணெண்ணெயும் தோடம்பழமும் மணக்கிற கையோடு அப்படியே படுத்தேன். தண்ணீர் விடியும் வரை வாளியில் கிடந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு நாள் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு வைகாசிப் பறுவத்துக்கும் மகனுக்கு விளக்கு வைத்து, அவனுக்குப் பிடித்த கறிகளைச் சமைத்துப் படைப்பாள். அந்த நாளில் எனக்கு எப்படியாவது வெளியே ஒரு வேலை இருக்கும். பலகைத் தட்டில் மெத்தை திரும்ப விரிக்கப்படவில்லை, பெட்டிகள் ஏறின. அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்கப் பழகினாள். நான் கேட்டவர்களுக்கு, அவன் வன்னியில் இருக்கிறான் என்றே இன்னும் சில வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லும்போது அவள் உள்ளே எழுந்து போய்விடுவாள். நான் அப்படிச் சொல்லுவது எப்போது நின்றது என்று எனக்கே நினைவில்லை.

போன மாரியில் அவளும் போய்விட்டாள். எங்கள் சனத்தில் முப்பத்தோராம் நாளுக்கு, இறந்தவரின் கதையைச் சின்னப் புத்தகமாக அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். கல்வெட்டு என்று சொல்லுவோம். அதை எழுதியவர் அதே ஊர்க்காரர்தான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்கு வாசிக்க நேரம் எடுக்கும்; விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். காணாமற் போன மகனுக்காகத் தன்னந்தனியாய் நின்று வானத்துக்கு விளக்கு ஏற்றி வழியனுப்பிய தாய் என்று அவளைப் புகழ்ந்திருக்கிறார். அந்த இடத்தில் நான் இல்லை. தகப்பன் என்று ஓர் ஆள் அந்தப் பக்கத்திலேயே இல்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு அவ்வளவுதான் தெரிந்ததோ, அல்லது நான் இவ்வளவு காலமாய் அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லித் திரிந்ததால் என்னைச் சேர்க்காமல் விட்டாரோ, தெரியாது.

தன்னந்தனியாய் இல்லை. அவளுக்கு மண்ணெண்ணெய் என்றாலே பயம். அடுப்புக்குக்கூட என்னைத்தான் கொளுத்தச் சொல்லுவாள்.

ஆண்டுத் திவசத்துக்கு இன்னொரு முறை அச்சடிக்கப் போகிறார்கள். அதற்குள் இதைத் திருத்தத்தான், எழுதத் தெரிந்த உங்களிடம் இவ்வளவும் சொல்லுகிறேன். அவளின் புகழில் ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம். பெற்றது அவள். பெயரைக் கொடுத்தது அவள். நேரம் வந்துவிட்டது என்று கண்டவளும் அவள்தான். ஆனால் நாணல் வெட்டி வளையம் வளைத்தது நான். தீ வைத்தது நான். மற்றவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, எரிய முதல் கையை எடுத்ததும் நான்தான். என் மகனைத் தகப்பன் வழியனுப்பினான் என்று, என் பெயரை முழுதாகப் போட்டு, எழுதுங்கள்.